'சாப விமோசனம்' படிக்க ஆதாரம் தேடுகிறீர்களா? நெல்லைச் சீமையிலிருந்து தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எம்.ஏ. தமிழ் கடைசிப் பருவத்தில் ஆய்வேட்டுக்காக நான் எடுத்துக்கொண்டது புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்'. ராமன் கல்லிலிருந்து எழுப்பிய அகலிகை, சீதை தீக்குளித்ததைக் கேட்டு மறுபடியும் கல்லாகிற கதை அது. கதை சின்னது. சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் கண் அசருவதற்குள் படித்து முடித்துவிடலாம். எழுதியவரோ நெல்லையில் வளர்ந்து, நெல்லை இந்துக் கல்லூரியில் படித்தவர். ஆதாரங்கள் எல்லாம் பக்கத்திலேயே கிடைத்துவிடும் என்று நம்பித்தான் இறங்கினேன். என் ஊர் அம்பாசமுத்திரம், சுருக்கமாக அம்பை. அங்கிருந்து திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் சென்னைக்குமாக நான்கு மாதம் அலையாய் அலைந்தேன். அதில் பாதிக்கு மேல் வீண் அலைச்சல் என்று இப்போது தெரிகிறது. எதை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசியில் செய்ய வேண்டும் என்று சொல்ல ஆள் இருந்திருந்தால் ஆறு வாரத்தில் முடித்திருப்பேன்.

அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கதையைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும் என்றில்லை. பழைய சிறுகதை எதை எடுத்தாலும் வழி ஏறக்குறைய இதுதான்.

1. முதலில் கதையின் சரியான பாடம் (ஆசிரியர் எழுதிய வடிவம்) கையில் இருக்கட்டும்

என் முதல் தவறு இங்கேதான். கல்லூரிப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கிடைத்த நோட்ஸை வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். கதை முழுவதும் அதிலேயே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. தீக்குளித்ததைச் சீதை அகலிகையிடம் சொல்லும் இடத்தைப் பற்றி ஆறு பக்கம் எழுதி நெறியாளரிடம் கொடுத்தேன்.

"இந்த வரிய எந்தப் புத்தகத்துலம்மா பாத்த?" என்று கேட்டார் மேடம்.

நோட்ஸைக் காட்டினேன். அவர் அலமாரியிலிருந்து தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்து, அதே இடத்தில் விரலை வைத்தார். என் நோட்ஸில் அகலிகை இரண்டு முறையும் "அவர் கேட்டாரா?" என்றே கேட்டாள். புத்தகத்தில் அப்படி இல்லை. முதல் முறை "அவர் கேட்டாரா?" என்கிறாள். "அவர் கேட்டார், நான் செய்தேன்" என்று சீதை அமைதியாகச் சொல்கிறாள். அதைக் கேட்டதும் அகலிகை கத்துகிறாள்: "அவன் கேட்டானா?"

தட்டச்சு செய்தவர் மரியாதைக்காக மாற்றினாரோ, கவனக் குறைவோ, அந்த ஒரு விகுதி போனதில் கதையின் உயிரே போய்விட்டது. கல்லாய்க் கிடந்தவளை எழுப்பியவன் ராமன். அவன் மேல் அகலிகை வைத்திருந்த மரியாதை 'அவர்' 'அவன்' ஆகிற அந்த நொடியில்தான் உடைகிறது. அடுத்த வரியிலேயே அவள் மனத்தில் கண்ணகி வெறி ஆடுவதாக ஆசிரியர் எழுதுகிறார். என் நோட்ஸில் அந்த வெறிக்குக் காரணமே இல்லாமல் போயிருந்தது. நான் எழுதிய ஆறு பக்கமும் வேறு ஏதோ கதையைப் பற்றியது.

அதனால் முதல் நாளே செம்பதிப்பை, அதாவது பழைய வடிவங்களை ஒப்பிட்டுச் சரிபார்த்த பதிப்பை, தேடுங்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து, காலச்சுவடு 2000இல் வெளியிட்ட 'புதுமைப்பித்தன் கதைகள்' தொகுப்புதான் அது. கதைகள் கால வரிசையில் இருக்கும். எந்தக் கதை எந்த இதழில் எப்போது வந்தது என்ற விவரமும் பாட வேறுபாடுகளும் இருக்கும். 'சாப விமோசனம்' 1943 மே மாதக் 'கலைமகள்' இதழில் வந்தது. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டிய இந்தத் தகவலுக்காக நான் மூன்று வாரம் தேடினேன். செம்பதிப்பு கையில் இருந்திருந்தால் மூன்று நிமிட வேலை.

விலை மாணவர் கைக்குக் கொஞ்சம் கனம்தான். புத்தகக் கண்காட்சிகளில் வழக்கமாகப் பத்து சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். பாளையங்கோட்டையில் பொருநை நெல்லை புத்தகத் திருவிழா நடக்கும் சமயம் என்றால் அதுவரை பொறுக்கலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கி முறை வைத்துக்கொள்வதும் நல்ல யோசனைதான். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஆனால் யாரிடம் எந்த வாரம் இருக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் மனத்தாங்கல் வரும்.

உங்களிடம் இருக்கும் பிரதி நம்பகமானதா என்று சோதிக்க மூன்று இடங்களைப் பாருங்கள். கதை தொடங்கும் முன், ராமாயணப் பரிச்சயம் உள்ளவர்களைக் குறித்து ஆசிரியரின் சிறு குறிப்பு இருக்க வேண்டும். பல மலிவுப் பிரதிகளில் அதைத் தூக்கியிருப்பார்கள். அடுத்து, முனிவரின் பெயர் 'கோதமன்' என்று இருக்க வேண்டும்; 'கௌதமன்' என்று இருந்தால் யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்றாவது, நான் மேலே சொன்ன 'அவன்'. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பிரதியிலிருந்து மேற்கோள் எடுக்காதீர்கள்.

2. கதைக்குப் பின்னால் இருக்கும் கதைகளைப் பக்கத்தில் வையுங்கள்

விமர்சன நூல்களுக்கு ஓட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதை ராமாயணத்தோடு நேருக்கு நேர் பேசுகிற கதை. அந்தப் பக்கம் என்ன சொல்லியிருக்கிறது என்று தெரியாமல் இந்தப் பக்கத்தைப் படித்தால் பாதிதான் விளங்கும்.

கம்பராமாயணத்தில் இரண்டு இடம் வேண்டும். ஒன்று, பாலகாண்டத்தில் அகலிகைப் படலம். இன்னொன்று, யுத்த காண்டத்தில் சீதை தீப்புகும் மீட்சிப் படலம். பலர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கதையில் அகலிகை மறுபடியும் கல்லாவது தன் பழைய சாபத்தால் இல்லையே, சீதைக்கு நேர்ந்ததைக் கேட்டுத்தானே? அப்படியானால் மீட்சிப் படலம் இல்லாமல் எப்படி?

அகலிகைப் படலத்தில் ஒரு வரியைக் குறித்து வையுங்கள்: "நெஞ்சினால் பிழைப்பு இலாளை நீ அழைத்திடுக". அகலிகையை ஏற்றுக்கொள் என்று கோதமனிடம் சொல்லப்படும் சொல் இது. ஆனால் அதே படலத்தில், வந்தவன் இந்திரன் என்று உணர்ந்த பிறகும் அவள் தகாதென்று விலகவில்லை என்றும் கம்பர் பாடியிருக்கிறார். நெஞ்சு பிழைத்ததா இல்லையா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு 'சாப விமோசன'த்துக்குத் திரும்பிப் போங்கள். உள்ளம், உண்மை, உலகத்துக்கு நிரூபிப்பது என்று அகலிகையும் சீதையும் பேசிக்கொள்ளும் இடம் அப்போது வேறு மாதிரி ஒலிக்கும். எனக்கு என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல் கிடைத்தது இந்த இடத்தில்தான். அன்றைக்கு இரவு ஒன்றரை மணி வரை எழுதினேன்.

வால்மீகியில் பாலகாண்டத்தின் 48, 49ஆம் சர்க்கங்கள் போதும், தமிழ் மொழிபெயர்ப்பிலேயே பார்க்கலாம். அங்கே அகலிகை கல்லாவதில்லை. யார் கண்ணுக்கும் படாமல், காற்றே உணவாக, சாம்பலில் கிடக்கிறாள். 'வால்மீகி, கம்பன் இருவரிலும் அகலிகை கல்லானாள்' என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுகிற பிழையை நான் மூன்று ஆய்வேடுகளில் பார்த்தேன். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருப்பார்கள்போல. நீங்கள் மூலத்தைப் பார்த்து எழுதுங்கள்.

நம் பக்கத்து ஆள் ஒருவரையும் விட்டுவிடக் கூடாது. வெள்ளகால் ப. சுப்பிரமணிய முதலியார் 'அகலிகை வெண்பா' என்று ஒரு நூல் எழுதியிருக்கிறார். இதே கதையை வெண்பாவில் சொன்ன நெல்லைச் சீமைக்காரர். புதுமைப்பித்தனோடு வைத்து ஒப்பிட அருமையான நூல்.

கடைசியாக, புதுமைப்பித்தனே 1934இல் 'மணிக்கொடி'யில் 'அகல்யை' என்று ஒரு கதை எழுதியிருக்கிறார். இது வேறு, 'சாப விமோசனம்' வேறு. நடுவில் ஒன்பது ஆண்டு இருக்கிறது. இரண்டையும் குழப்பி, ஒன்றின் வரியை இன்னொன்றின் பெயரில் போட்டு எழுதியிருக்கிறார்கள், கவனம். அடுத்தடுத்து வைத்துப் படித்தால், மன்னிப்போடு முடிந்த ஒரு விஷயத்தை அதே ஆசிரியர் ஏன் மறுபடியும் திறந்தார் என்ற கேள்வி தானாக வரும். அந்த ஒரு கேள்விக்கே தனி ஆய்வேடு எழுதலாம்.

3. வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இவற்றைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் அட்டையின் நகல் ஐந்து, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் ஆறு, கல்லூரி அடையாள அட்டையும் அதன் நகல் மூன்றும், துறைத்தலைவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள பரிந்துரைக் கடிதம் நான்கு, ஒரு போனஃபைடு சான்றிதழ். ரப்பர் பேண்டு போட்ட பென்சில் இரண்டு. பழைய புத்தகங்களை வைத்திருக்கும் இடங்களில் பேனாவைக் கையில் எடுக்க விட மாட்டார்கள்.

பரிந்துரைக் கடிதத்தில்தான் பலருக்குச் சிக்கல் வருகிறது. 'சம்பந்தப்பட்டவர்களுக்கு' என்று பொதுவாக ஒரே கடிதம் வாங்கி அதையே ஜெராக்ஸ் போட்டுக் கொண்டு போனேன். ஓர் இடத்தில் அசல் முத்திரை வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்பையிலிருந்து கிளம்பி வந்த ஒரு நாள் அதோடு போயிற்று. ஒவ்வொரு நூலகத்துக்கும் அதன் பெயரைப் போட்டுத் தனித்தனிக் கடிதமாக வாங்குங்கள். கடிதத்தில் ஆய்வுத் தலைப்பு, தேவைப்படும் காலம் (எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை), நகல் எடுக்க அனுமதி கோருவது ஆகிய மூன்றும் இருக்கட்டும். நகல் பற்றிய வரி இல்லாவிட்டால் உள்ளே விட்டாலும் ஜெராக்ஸ் எடுக்க விட மாட்டார்கள்.

துறைத்தலைவர்கள் செய்முறைத் தேர்வு, விடைத்தாள் திருத்தம் என்று மார்ச்சில் கையில் கிடைக்க மாட்டார்கள். டிசம்பர் விடுமுறைக்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

4. நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும்

முதலில் பாளையங்கோட்டையில் உள்ள மாவட்ட மைய நூலகம். உட்கார்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் உறுப்பினர் அட்டை. வைப்புத் தொகையும் சந்தாவும் பெரிய தொகை இல்லை. சில்லறையாகக் கொண்டு போங்கள். படிப்பு முடிந்து அட்டையை ஒப்படைத்தால் வைப்புத் தொகையைத் திரும்ப வாங்கலாம், ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். இன்னொன்று: பொது நூலகம் என்றால் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். கிளை நூலகங்கள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

உங்கள் ஊர்க் கிளை நூலகத்தையும் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். அம்பையில் நான் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்ததிலிருந்து போய்வரும் நூலகத்தில்தான், சென்னை வரை தேடிய ஒரு விமர்சன நூல் கடைசி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. நூலகர் அண்ணாச்சியிடம் முதலிலேயே கேட்டிருந்தால் அவரே எடுத்துக் கொடுத்திருப்பார். என்ன படிக்கிறோம் என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். நம் ஊர் நூலகர்கள் தேடித் தருவார்கள்.

அடுத்து, அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக நூலகம். திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் சாலையில் இருக்கிறது. இணைப்புக் கல்லூரி மாணவர் என்றால் கடிதத்தோடு போங்கள். நான் அங்கே தேடியது புத்தகங்களைவிட, ஏற்கெனவே இதே ஆசிரியர் மேல் செய்யப்பட்ட ஆய்வேடுகளைத்தான். ஆய்வேட்டை எடுத்ததும் கடைசிப் பக்கங்களில் உள்ள துணைநூற் பட்டியலுக்குப் போங்கள். ஐந்து ஆய்வேடுகளின் பட்டியலை எழுதி வைத்துப் பாருங்கள், எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் எட்டுப் பத்து நூல்கள் தெரிந்துவிடும். அவைதான் நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை. ஆய்வேட்டின் நடுப்பகுதியைப் படித்து அதிலேயே மூழ்கிவிடாதீர்கள். அவர்கள் சொன்னதே நம் வாயிலும் வர ஆரம்பித்துவிடும்.

பாளையங்கோட்டையின் பழைய கல்லூரிகளின் நூலகங்களும் இந்துக் கல்லூரி நூலகமும் வளமானவை. ஆனால் வெளி மாணவரை உள்ளே விடுவது அந்தந்தக் கல்லூரியின் விருப்பம். அங்கே பணிபுரியும் ஆசிரியர் யாராவது உங்கள் நெறியாளருக்குத் தெரிந்தவராக இருந்தால் ஒரு போன் போடச் சொல்லுங்கள். கடிதத்தைவிட அது விரைவாக வேலை செய்யும்.

போக்குவரத்துக்கு: அம்பை, சேரன்மகாதேவி பக்கத்துக்காரர்கள் செங்கோட்டை பாசஞ்சரில் வந்து திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கிவிட்டால் பஸ்ஸைவிட மலிவு. அங்கிருந்து நகரப் பேருந்து. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அது பெரிய உதவியாக இருந்தது. ஒரே நாளில் பாளையங்கோட்டையையும் அபிஷேகப்பட்டியையும் முடிக்கப் பார்க்காதீர்கள், இரண்டும் எதிரெதிர்த் திசை. நான் முயன்று இரண்டையும் அரைகுறையாக விட்டுவிட்டு வந்தேன்.

5. பெயரைப் பல விதமாகத் தேடுங்கள்

நூலகப் பட்டியலில் 'இல்லை' என்று வந்தால் அங்கே உண்மையிலேயே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புதுமைப்பித்தன் என்றும், புதுமைப் பித்தன் என்று இடைவெளி விட்டும், அவருடைய இயற்பெயரான விருத்தாசலம், சொ. என்றும் மூன்று விதமாகப் பதிந்திருப்பார்கள். கதைத் தலைப்பும் அப்படியே: 'சாப விமோசனம்', 'சாபவிமோசனம்'. பாத்திரம்: அகலிகை, அகல்யை, அகலியை. இந்த எல்லாச் சேர்க்கையையும் ஒரு தாளில் எழுதி, தேடியதற்கெல்லாம் ஒரு டிக் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசிச் சேர்க்கையில்தான் எனக்கு வேண்டிய கட்டுரை கிடைத்தது.

பழைய இதழ்களைத் தேடுபவர்கள் அவருடைய மற்ற புனைபெயர்களையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ரசமட்டம், கூத்தன், நந்தன், கபாலி, வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை என்று பல பெயர்களில் எழுதியிருக்கிறார்.

6. இணையத்தில் கிடைப்பவையும் அவற்றின் பள்ளங்களும்

புதுமைப்பித்தன் 1948இல் காலமானார். அவருடைய எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. அதனால் கதைகள் இணையத்தில் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கின்றன. மதுரைத் திட்டத்திலும் விக்கிமூலத்திலும் தேடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகங்களின் பக்கப் படங்களே இருக்கும், அதே கழகத்தின் தளத்தில் கம்பராமாயணம் உரையோடு கிடைக்கும். இரண்டாம் படியில் சொன்ன படலங்களை வீட்டிலிருந்தே படித்துவிடலாம்.

தட்டச்சு செய்த பிரதியைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். 'கண்ணகி' என்ற சொல் எங்கே வருகிறது என்று ஒரு நொடியில் கண்டுபிடிக்கலாம், அதற்கு அது அருமையான வசதி. ஆனால் மேற்கோளைச் செம்பதிப்பில் பார்த்துத்தான் எழுத வேண்டும், பக்க எண்ணும் அதிலிருந்துதான் தர வேண்டும். வலைப்பக்கத்தின் முகவரியைப் பக்க எண்ணுக்குப் பதிலாகப் போட்டிருந்ததால் எனக்கு முதல் இயல் முழுவதும் திரும்பி வந்தது.

பழைய தளங்களில் எழுத்துகள் கட்டம் கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ தெரிந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. அதே கோப்பின் யூனிகோடு வடிவம் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும்.

ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா தளம் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை முழுதாகவே இறக்கிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. தமிழ்த் தலைப்புகளைச் சிலர் ஆங்கில எழுத்தில் பதிந்திருப்பார்கள். ஆசிரியர் பெயரில் வரும் 'த்'துக்கு ஒருவர் 'டி' மட்டும் போட்டிருப்பார், இன்னொருவர் 'டி, ஹெச்' இரண்டையும் போட்டிருப்பார். எல்லாவற்றையும் அடித்துப் பாருங்கள்.

7. சென்னைப் பயணம் தேவையா என்று முதலில் தீர்மானியுங்கள்

முதுகலை ஆய்வேட்டுக்கு இது பெரும்பாலும் வேண்டாம். கதை முதலில் வெளிவந்த இதழ்ப் பக்கத்தையே கண்ணால் பார்த்து ஒப்பிட வேண்டும் என்ற தலைப்பு உங்களுடையது என்றால் மட்டும் போங்கள். நான் முன்தயாரிப்பு இல்லாமல் ஒரு தடவையும் தயாரிப்போடு ஒரு தடவையும் போனேன். முதல் பயணத்தில் இரண்டு நாள், கையில் கிடைத்தது நான்கு பக்கம். இரண்டாம் பயணம் ஒரே நாள், கிடைத்தது நாற்பதுக்கும் மேல்.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பழைய தமிழ் இதழ்களுக்கு ரோஜா முத்தையா நூலகம்தான் முதல் இடம். அதன் பட்டியலை இணையத்திலேயே பார்க்கலாம். வேண்டிய இதழ், மாதம், ஆண்டு, பட்டியல் எண் எல்லாவற்றையும் எழுதி ஒரு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பி, இருப்பதை உறுதி செய்துகொண்டு, நகலுக்கான கட்டணத்தையும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். எழும்பூர்க் கன்னிமாரா நூலகத்தையும் அதே பயணத்தில் சேர்க்கலாம்.

நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிந்ததும் சென்னை. ஸ்லீப்பர் வகுப்பில் ஒரு வழிக்குச் சுமார் 400 ரூபாய். பொங்கலை ஒட்டிய வாரங்களில் டிக்கெட் கிடைக்காது. திங்களன்று போய்ச் சேர்வதுபோல் வைத்துக்கொண்டால், ஏதாவது விட்டுப் போனாலும் மறுநாள் இருந்து முடித்துவிட்டு வரலாம்.

8. விமர்சனங்களை இப்போது எடுங்கள்

இவ்வளவு தூரம் வந்த பிறகு உங்களுக்கென்று ஓர் அபிப்பிராயம் உருவாகியிருக்கும். இனி மற்றவர்கள் சொன்னதைப் படிக்கலாம். இதே நெல்லையைச் சேர்ந்த தொ.மு.சி. ரகுநாதன் எழுதிய 'புதுமைப்பித்தன் வரலாறு' முதலில். ஆசிரியரோடு நேரில் பழகியவர் எழுதியது. வல்லிக்கண்ணன் சாகித்திய அகாதெமிக்கு எழுதிய சிறு நூல் மலிவு, ஒரே நாளில் படித்துவிடலாம். ராஜ் கௌதமனின் 'புதுமைப்பித்தன் எனும் பிரம்மராக்ஷஸ்' கடுமையாக வாதம் செய்யும் நூல், அதோடு சண்டை போட்டுக்கொண்டே படியுங்கள். எம். வேதசகாயகுமாரின் 'புதுமைப்பித்தனும் ஜெயகாந்தனும்' ஒப்பீட்டு இயல் எழுதுபவர்களுக்கு உதவும்.

எந்த நூலாக இருந்தாலும் பொருளடக்கத்தில் உங்கள் கதையின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். கற்பு, புராணம், மறுபடைப்பு என்ற தலைப்புகளுக்குள் நல்ல பத்திகள் ஒளிந்திருக்கும்.

9. செலவும் காலமும், தோராயமாக

ஜெராக்ஸ் பக்கத்துக்கு ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய். நூலகத்துக்குள்ளேயே எடுத்தால் கூடுதல். எனக்கு மொத்தம் முந்நூறு பக்கம் வந்தது. அதில் நூறு பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நகல் எடுக்கும் முன் பென்சிலில் குறித்து, எந்த இயலுக்கு இது என்று முடிவு செய்துவிட்டு எடுங்கள். கடையில் கொடுக்கும்போது, "அண்ணாச்சி, புத்தகத்தோட தலைப்புப் பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேத்து எடுத்துருங்க" என்று மறக்காமல் சொல்லுங்கள். பதிப்பகம், ஆண்டு, பதிப்பு எண் எல்லாம் அந்த இரண்டு பக்கத்தில்தான். எனக்கு அது விட்டுப்போய், ஒரே ஒரு பதிப்பாண்டுக்காக மறுபடி பாளையங்கோட்டைக்குப் போனேன்.

சென்னை இல்லாமல் என்றால் செம்பதிப்பின் விலை, நகல், போக்குவரத்து, கடைசியில் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து பைண்டிங் போடும் செலவு, இவ்வளவுதான். பைண்டிங் கடையில் ஏப்ரல் முதல் வாரம் கூட்டம் நெரியும். மூன்று நாள் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

காலக் கணக்கு இது: கதையின் பாடத்துக்கும் மூலங்களுக்கும் இரண்டு வாரம், உள்ளூர் நூலகங்களுக்கு இரண்டு வாரம், இணையத் தேடலுக்கு மூன்று நாள் போதும், விமர்சனங்களுக்குப் பத்து நாள். டிசம்பரில் ஆரம்பித்தால் பிப்ரவரி முழுவதும் எழுதுவதற்குக் கிடைக்கும்.

கையில் இருக்கும் நூலகப் புத்தகங்களை வாய்மொழித் தேர்வு முடியும் வரை புதுப்பித்து வைத்திருங்கள். புறத்தேர்வாளர் மேற்கோள் ஒன்றைச் சுட்டி, புத்தகத்தைக் காட்டச் சொல்லலாம். என்னிடம் கேட்டார்கள். 'அவன் கேட்டானா?' இருக்கும் பக்கத்தில் அடையாளச் சீட்டு வைத்திருந்தேன், எடுத்துக் காட்டினேன். மேலும் கீழுமாக ஒரு பக்கம் முழுவதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.